லப்-டப் நடுவே இன்னொரு சத்தம்: எதைக் கீழே அனுப்ப வேண்டும், எதை இங்கேயே பார்க்கலாம்?

தோட்டத்துச்செவிலி (கோத்தகிரி):

எல்லோருக்கும் வணக்கம். எஸ்டேட் டிஸ்பென்சரியில் டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் இருப்பார். மற்ற நாளெல்லாம் நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டியது செவிலிதான். தெளிவில்லாத சில விஷயங்களை இங்கே கேட்கிறேன்.

கொழுந்து பறிப்பவர்கள் சரிவேறி நேராக வந்து உட்காருகிறார்கள். நாடி 110, 115 ஓடுகிறது. அந்த வேகத்தில் எது லப் (முதல் சத்தம்), எது டப் (இரண்டாம் சத்தம்) என்றே பிரிபடுவதில்லை. நடுவில் ஒரு ‘ஸ்ஸ்’ கேட்டால் அது எந்த இடைவெளியில் விழுகிறது என்று எப்படிப் பிடிப்பது?

கர்ப்பிணிகளில் நிறையப் பேருக்கு மர்மர், அதாவது அந்த ‘ஸ்ஸ்’, கேட்கிறது. ஹீமோகுளோபின் 8, 9 இருக்கும். எல்லோரையும் எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) அனுப்பினால் கூலி போகிறது. மேட்டுப்பாளையம் இறங்கி கோவை போய்த் திரும்புவதற்குள் வளைவுகளில் வாந்தி வேறு. யாரை அனுப்பியே ஆக வேண்டும்?

மலையில் ஆக்சிஜன் குறைவு, அதனால் இங்கே இருப்பவர்களுக்கு இரண்டாம் சத்தம் இயல்பாகவே பலமாகத்தான் இருக்கும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். சரியா?

பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பொதுமருத்துவம்_குன்னூர்:

சிஸ்டர், முதல் கேள்வி தீர்ந்தால் மற்றவை தாமாகவே பாதி தீரும். சத்தம் எவ்வளவு பலம் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, எப்போது விழுகிறது என்பதை மட்டும் பிடியுங்கள்.

நாடி 75 என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி. இதில் கீழறைகள் சுருங்குவதற்கு ஏறக்குறைய 0.3, தளர்ந்து நிரம்புவதற்கு 0.5. நிரம்பி முடிந்த இடது கீழறையில் சுமார் 120 மி.லி. ரத்தம் இருக்கும். சுருங்க ஆரம்பித்த கணத்திலேயே உள்ளழுத்தம் மேலறையின் அழுத்தத்தைத் தாண்டிவிடும். மேலறையில் இருப்பதே 8, 10 மி.மீ. பாதரசம்தான். உடனே இரண்டுக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு மூடும், வலப்பக்கம் அதே இடத்திலுள்ள மூவிதழ் வால்வும் கூடவே மூடும். ஓடிவந்த ரத்தம் மூடிய இதழில் முட்டிச் சட்டென்று நிற்பதால் இதழ், சுவர், ரத்தம் மூன்றும் அதிர்கின்றன. அதுதான் லப். இதழோடு இதழ் அடித்துக்கொள்வது மட்டும் அல்ல.

அதன்பின் 0.05 வினாடி எல்லா வால்வுகளும் மூடியே இருக்கும். உள்ளழுத்தம் மட்டும் ஏறும். மகாதமனியில் இருக்கும் 80-ஐத் தாண்டியதும் அயோர்டிக் வால்வு திறக்கும். 70 மி.லி. வெளியேறும், 50 மி.லி. உள்ளேயே தங்கும். அழுத்தம் 120 வரை போய் இறங்கும்போது மகாதமனி ரத்தம் பின்னோக்கி வரப் பார்க்கும், அயோர்டிக் வால்வு மூடும். அது டப். வலது கீழறையும் இதே 70 மி.லி.யைத்தான் நுரையீரல் வால்வு வழியே தள்ளுகிறது, ஆனால் 25 மி.மீ. அழுத்தத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது. நுரையீரல் அவ்வளவு இளகிய வழி. இந்த 25-ஐ நினைவில் வையுங்கள், உங்கள் மூன்றாவது கேள்விக்குத் தேவைப்படும்.

ஒரு முக்கியமான விஷயம்: ஆரோக்கியமான வால்வு திறக்கும்போது சத்தம் வராது, மூடும்போதுதான் வரும். எனவே திறக்கும் சத்தம் காதில் விழுந்தாலே அந்த வால்வில் கோளாறு.

இப்போது நாடி 110-க்கு வாருங்கள். ஒரு துடிப்புக்கு 0.55 வினாடிதான். வேகம் கூடும்போது சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறையும், நிரம்பும் நேரம்தான் பெரிதும் வெட்டுப்படும். இரண்டும் 0.27, 0.28 என்று சமமாகிவிடுகின்றன. 75-இல் ‘லப்-டப்… லப்-டப்’ என்று நீள இடைவெளி உங்களுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தது. 110-இல் அந்த அடையாளமே இல்லை. காதில் கோளாறு இல்லை, கணக்கு அப்படி.

செய்ய வேண்டியது: பத்து நிமிடம் உட்கார வையுங்கள், அவசரமில்லாதவர்களுக்கு அதுவே பாதி வைத்தியம். பிறகு ஸ்டெத் நெஞ்சில் இருக்கும்போதே இன்னொரு கையின் இரண்டு விரலைக் கழுத்து நாடியில், ஒரு பக்கம் மட்டும், மெதுவாக வையுங்கள். விரலை நாடி தூக்கும்போது கேட்பது லப். மணிக்கட்டு நாடியை நம்ப வேண்டாம். அலை அங்கே வந்து சேரத் தாமதமாகும், வேகமான நாடியில் அந்தத் தாமதமே உங்களைக் கவிழ்த்துவிடும். மார்பெலும்புக்கு வலப்பக்கம் இரண்டாம் விலா இடைவெளியில் டப் பலமாக இருக்கும். அங்கே டப்பை அடையாளம் பிடித்து, அதைக் காதில் வைத்துக்கொண்டே ஒவ்வோர் அங்குலமாக இதயநுனி வரை நகர்ந்து வாருங்கள். அப்போது வழி தவறாது.

லப்புக்கும் டப்புக்கும் நடுவில் வரும் சத்தம் சுருங்கும் கட்டத்துச் சத்தம். அப்போது மைட்ரலும் மூவிதழும் மூடியிருக்க வேண்டும், அயோர்டிக்கும் நுரையீரல் வால்வும் திறந்திருக்க வேண்டும். ஆகவே மூட வேண்டியது ஒழுகுகிறது, திறக்க வேண்டியது குறுகியிருக்கிறது, கீழறைச் சுவரில் ஓட்டை இருக்கிறது, அல்லது எல்லாம் சரியாக இருந்தும் ரத்தம் வேகமாக ஓடுகிறது. இந்தக் கடைசிக் காரணத்தால்தான் சுருங்கும் கட்டத்து மர்மரில் பல ஒன்றுமில்லாதவை.

டப்புக்கும் அடுத்த லப்புக்கும் நடுவில் வந்தால் கதை வேறு. அப்போது ரத்தம் குறைந்த அழுத்தத்தில் அமைதியாக இறங்க வேண்டிய நேரம். அங்கே சத்தம் என்றால் அயோர்டிக் வால்வோ நுரையீரல் வால்வோ ஒழுகுகிறது, அல்லது மைட்ரலோ மூவிதழோ குறுகியிருக்கிறது. கடும் ரத்தசோகையில் எப்போதாவது வேகத்தாலேயே இங்கும் உறுமல் வரலாம். ஆனால் ஸ்டெத்தை வைத்துக்கொண்டு அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லிவிட முடியாது. நிரம்பும் கட்டத்து மர்மர் எவ்வளவு மெலிதாக இருந்தாலும் எக்கோவுக்கு அனுப்புங்கள். கூலி போனாலும் சரி.

எக்கோஅறை_ஊட்டி:

டாக்டர் கணக்கைச் சொல்லிவிட்டார். நான் கருவியையும் அறையையும் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் மலையில் பாதி மர்மர் அங்கேதான் உற்பத்தியாகிறது, பாதி அங்கேதான் தொலைகிறது.

ஸ்வெட்டர் மேல், சால்வை மேல், ரவிக்கை மேல் ஸ்டெத் வைத்துக் கேட்பதைக் கேட்டதாகவே கணக்கு வைக்க வேண்டாம். கம்பளி உரசுவது காதுக்கு உராய்வொலி மாதிரியே இருக்கும். இதயவுறை அழற்சி என்று எழுதி அனுப்பிய சீட்டுகள் உண்டு. குளிரும் கூச்சமும் இருக்கிறது என்றால் சால்வையைப் போர்த்தியபடியே இருக்கட்டும், ஸ்டெத்தை மட்டும் உள்ளே தோலில் வையுங்கள். கூட ஒரு பெண் நிற்கட்டும். இடது மார்பகத்தைப் புறங்கையால் மேலே தள்ளி அதன் அடியில் வைத்தால்தான் இதயநுனி கிடைக்கும். மார்பகத்தின் மேலேயே வைத்தால் ஒன்றும் கேட்காது. 1816-இல் லெனெக் காகிதத்தைச் சுருட்டி நெஞ்சில் வைத்ததே, பெண் நோயாளியின் மார்பில் காதை வைக்கத் தயங்கித்தான். அந்தத் தயக்கத்துக்குத் தீர்வாக வந்த கருவியைத் துணி மேல் வைப்பது என்ன நியாயம்?

காலையில் உலோகம் ஐஸ் மாதிரி இருக்கும். உள்ளங்கையில் அரை நிமிடம் பொத்தி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த உலோகம் பட்டதும் நோயாளி மூச்சைப் பிடித்துத் தசையை இறுக்குவார். நடுங்கும் தசையிலிருந்து ஒரு தாழ்ந்த இரைச்சல் வரும், நிரம்பும் கட்டத்து உறுமல் இருக்க வேண்டிய இடத்தை அது நிரப்பிவிடும்.

தகரக் கூரையில் மழை பெய்யும்போது கேட்டு ‘மர்மர் இல்லை’ என்று எழுதாதீர்கள். மழை விட்டதும் மறுபடி கேளுங்கள். பக்கத்தில் ஃபேக்டரி ப்ளோயர் ஓடினாலும் இதே கதை. மைட்ரல் குறுகலின் உறுமலும் மூன்றாம் ஒலியும் (டப்புக்குச் சற்றுப் பின் வரும் தாழ்ந்த சத்தம்) பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பவை. நம் காது அந்த எல்லையில் ஏற்கெனவே மந்தம். வெளிச்சத்தம் சேர்ந்தால் முதலில் காணாமல் போவது இவைதான்.

பெல்லும் (ஸ்டெத் தலையின் குழிந்த பக்கம்) டயாபிரமும் (சவ்வுள்ள தட்டைப் பக்கம்): உயர்ந்த சுருதிச் சத்தங்களுக்கு டயாபிரத்தை அழுத்தி வையுங்கள். லப், டப், ஒழுகல் எல்லாம் அதில் கிடைக்கும். தாழ்ந்த சுருதிக்குப் பெல். அதைத் தோலில் காற்றுக் கசியாத அளவுக்கு மட்டும் வைக்க வேண்டும். அழுத்தினால் அடியிலுள்ள தோலே இழுபட்டு டயாபிரமாகிவிடும், உறுமல் மறைந்துவிடும். ஒரே பக்கமுள்ள புதுவகை ஸ்டெத் என்றால் லேசாக வைத்தால் பெல், அழுத்தினால் டயாபிரம். இருபக்க ஸ்டெத்தில் தலையைத் திருப்பிவிட்டு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் தட்டிப் பார்க்காமல் வைப்பவர்கள் ஏராளம். காதுமுனைகள் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், குழாய் சட்டையில் உரசக் கூடாது, முனையில் காதழுக்கு அடைத்திருக்கக் கூடாது.

இடம் கண்டுபிடிக்க: கழுத்துக்குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் மார்பெலும்பில் ஒரு மேடு தட்டும். அதற்கு நேர் இரண்டாம் விலா, அதன் அடியில் இரண்டாம் இடைவெளி. வலப்பக்கம் அயோர்டிக், இடப்பக்கம் நுரையீரல் வால்வு. இடது ஓரத்தில் நான்காம் இடைவெளி மூவிதழ். ஐந்தாம் இடைவெளி, காறையெலும்பு நடுக்கோட்டுக்கு நேர், மைட்ரல்.

இரண்டு நிலையை விடாமல் செய்யுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இதயநுனியில் பெல்: மைட்ரல் குறுகல் இதில்தான் வெளிப்படும். உட்கார வைத்து, முன்னால் குனிந்து, மூச்சை முழுக்க வெளியே விட்டுப் பிடிக்கச் சொல்லி, இடது ஓரம் மூன்றாம் இடைவெளியில் டயாபிரத்தை அழுத்தி: அயோர்டிக் ஒழுகல் இதில்தான் கிடைக்கும். டப் முடிந்த உடனே ஆரம்பித்துத் தேயும், ஊதுவது போன்ற மெல்லிய சத்தம். இந்த இரண்டு நிலைக்கும் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகாது.

தோட்டத்துச்செவிலி (கோத்தகிரி):

மிக்க நன்றி டாக்டர், நன்றி அண்ணா. ஒரு துணைக் கேள்வி. ஏழு மாதக் கர்ப்பிணி, படுத்தால் மூச்சு வாங்குகிறது, இருமல் இருக்கிறது. இதயநுனியில் லப் மட்டும் ரொம்பப் பலமாகக் கேட்கிறது, வேறு மர்மர் பிடிபடவில்லை என்றால் என்ன நினைப்பது? இங்கே குளிர்காலத்தில் இப்படி வந்தால் வீசிங் என்று நெபுலைசர் வைப்பதுதான் வழக்கம்.

பொதுமருத்துவம்_குன்னூர்:

அந்த நெபுலைசரை வைப்பதற்கு முன் நிறுத்தி யோசியுங்கள்.

கர்ப்பத்தில் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் கூடும், பெரும்பகுதி 32 வாரத்துக்குள். நாடியும் நிமிடத்துக்கு 10, 20 கூடும். மைட்ரல் வால்வின் வாய் இயல்பில் 4 முதல் 6 சதுர செ.மீ. சிறுவயதில் தொண்டைவலிக்குப் பின் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதழ்கள் ஒட்டிக்கொண்டு அது 1.5-க்குக் கீழே போயிருந்தாலும், கர்ப்பம் வரும் வரை வீட்டு வேலையும் தோட்ட வேலையும் ஓடிவிடும். இப்போது அதே சிறிய வாயில் அதிக ரத்தம், குறைந்த நேரத்தில் இறங்க வேண்டும். நேரம்தான் இங்கே பிரச்சினை. நாடி 150 போனால் நிரம்ப 0.2 வினாடியை ஒட்டித்தான் கிடைக்கும். இறங்காத ரத்தம் மேலறையில் தேங்கி நுரையீரலுக்குத் திரும்பும். அதுதான் இருமல், அதுதான் படுத்தால் மூச்சு வாங்குவது, நெஞ்சில் ‘வீசிங்’ போலக் கேட்பதும் அதுதான். நெபுலைசரில் போடும் சால்பூட்டமால் நாடியை மேலும் ஏற்றும். ரத்தசோகை என்று வேகமாக ரத்தம் ஏற்றுவதும், சோர்வாக இருக்கிறார் என்று இரண்டு பாட்டில் சலைன் போடுவதும் இதே வழியில்தான் கெடுக்கும்.

பலமான லப் இந்த நோயின் முதல் துப்பு. ஒட்டியிருந்தாலும் இன்னும் அசையும் இதழ், சுருக்கம் தொடங்கும்போது முழுவதும் திறந்தே இருந்து தூரத்திலிருந்து வந்து அடைபடுவதால் அப்படி ஒலிக்கிறது. இதழ் சுண்ணாம்பேறி விறைத்துவிட்டால் லப் மெலிந்துவிடும், எனவே லப் பலமில்லை என்பதை வைத்து நோயில்லை என்று சொல்ல முடியாது. அடுத்தது திறக்கும் சத்தம்: டப்புக்குப் பின்னால் ஒட்டி ஒரு ‘டக்’. டப்புக்கும் இதற்கும் இடைவெளி எவ்வளவு சிறிதோ அவ்வளவு கடுமையான குறுகல், ஏனென்றால் மேலறை அழுத்தம் கூடக்கூட வால்வு சீக்கிரமே தள்ளித் திறக்கப்படுகிறது. உறுமல் அதற்குப் பிறகு. ஊட்டி நண்பர் சொன்னபடி இடப்பக்கம் ஒருக்களித்து, பெல்லை லேசாக வைத்து, ஐந்தாறு தடவை இருமச் சொல்லி, உடனே கேளுங்கள். நாடி ஒழுங்கில்லாமல் தாறுமாறாக ஓடினால் மேலறைத் துடிதுடிப்பு சேர்ந்துவிட்டது என்று வையுங்கள்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளுக்கு மர்மர் கேட்கும் வரை காத்திருக்கவே வேண்டாம். படுத்தால் மூச்சு வாங்கும் கர்ப்பிணியை உட்கார்ந்த நிலையிலேயே, ஆக்சிஜனோடு, 108-இல் அன்றே அனுப்ப வேண்டும். 28 முதல் 34 வாரம், பிரசவ வலி, குழந்தை பிறந்து முடிந்த உடனடி நேரம், இந்த மூன்றும் ஆபத்தான கட்டங்கள். பிறந்ததும் கருப்பை சுருங்கி ஒரே மூச்சில் ரத்தத்தை இதயத்துக்குத் தள்ளும், அதனால் ‘பிரசவம் நல்லபடியாக முடிந்தது’ என்று அசந்துவிடக் கூடாது.

மற்ற கர்ப்பிணிகளுக்கு என் வரையறை இது. இடது ஓரத்தில் கேட்கும், சுருங்கும் கட்டத்தின் நடுவில் குட்டையாக முடிந்துவிடும் மெலிந்த மர்மர், டப் தெளிவாக இருக்கிறது, மூச்சிரைப்பு இல்லை என்றால் இங்கேயே வைத்துப் பார்க்கலாம். கர்ப்பத்தில் மூன்றாம் ஒலியும் சாதாரணம்தான். பால் சுரப்பு நேரத்தில் மார்பகத்தின் மேல் தொடர்ச்சியாக ஓர் ஓசை கேட்டால் ஸ்டெத்தை அழுத்திப் பாருங்கள், மறைந்தால் ரத்தக்குழாய் ஓசை. முதல் வருகையில் ஒருமுறை, 28 வாரத்தில் ஒருமுறை முறையாக இரண்டு நிலையிலும் கேட்டுவிடுங்கள்.

கூடலூர்_மருத்துவர்:

குன்னூர் டாக்டரோடு ஒரு சின்ன வேறுபாடு. ‘மெலிந்த மர்மர், இங்கேயே வைத்துப் பார்க்கலாம்’ என்பது சரி, ஆனால் ஹீமோகுளோபின் ஏறிய பிறகு மறுபடி கேட்பது கட்டாயம். அந்த இரண்டாவது கேட்டல்தான் பரிசோதனை. ரத்தசோகையில் ரத்தம் நீர்த்தும் இருக்கும், வேகமாகவும் ஓடும், அதனால் நல்ல வால்விலேயே சுழல் உண்டாகி ஓசை வரும். 8 இருந்தது 11 ஆனதும் மர்மர் மறைந்தால் கணக்கு முடிந்தது. மறையாமல் அப்படியே இருந்தால் அது ரத்தசோகை மர்மர் அல்ல, எக்கோ வேண்டும். அட்டையில் மர்மர் என்று எழுதும்போதே அன்றைய ஹீமோகுளோபினையும் பக்கத்தில் எழுதுங்கள்.

எங்கள் பக்கம், கூடலூர், பந்தலூரில், இன்னொன்றும் சேரும். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் (பரம்பரையாக வரும் சிவப்பணுக் கோளாறு) இருப்பதை லேமனும் கட்புஷும் 1952-லேயே எழுதிவிட்டார்கள், இந்தியாவிலிருந்து வந்த முதல் பதிவுகளில் அது ஒன்று. பணியர், குறும்பர், இருளர் குடும்பங்களிலிருந்து வருபவருக்கு நாள்பட்ட ரத்தசோகையும் மர்மரும் சேர்ந்திருந்தால் இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்தாமல் சிக்கிள் பரிசோதனை செய்யுங்கள். நோய் உள்ளவருக்கு ஹீமோகுளோபின் 7 முதல் 9 என்பதே வழக்கமான நிலை. இதயம் வருடக்கணக்காக அதிக ரத்தம் தள்ளிப் பெரிதாகியிருக்கும், மர்மர் கேட்பது எதிர்பார்க்கக் கூடியதுதான். அவரை 12-க்கு ஏற்றிவிட வேண்டும் என்று ரத்தம் ஏற்றினால் ரத்தம் தடித்துப் புது வம்பு வரும்.

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: தவறு, அந்தப் பயிற்சியில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கும் என்பது உண்மை. குன்னூர் டாக்டர் சொன்ன அந்த 25 ஏறும், நுரையீரல் வால்வு ஓங்கி மூடும், டப்பின் இரண்டாம் பாதி பலமாகும். ஆனால் இது வாழ்நாள் முழுக்க 2500 மீட்டருக்கு மேலே வசிப்பவர்களிடம் பேச வேண்டிய விஷயம். ஊட்டி 2240 மீட்டர், கொடைக்கானல் 2100, குன்னூர் 1850, கோத்தகிரி 1800-ஐ ஒட்டி, கூடலூர் 1000-ஐ ஒட்டி. தொட்டபெட்டா உச்சி 2637, அங்கே குடியிருப்பவர் யார்? ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். ஆரோக்கியமானவருக்கு ஆக்சிஜன் அளவு சமவெளியைவிட இரண்டு மூன்று புள்ளி குறைவாகக் காட்டலாம், அவ்வளவுதான். கை சில்லிட்டிருந்தால் விரல் கருவி இன்னும் குறைத்துக் காட்டும், அதனால் விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

ஆகவே பலமான டப்பை மலையின் தலையில் கட்டக் கூடாது. மூச்சை உள்ளிழுக்கும்போது டப் இரண்டாகப் பிரிவது இயல்பு. முதலில் அயோர்டிக் மூடும், பின்னால் நுரையீரல் வால்வு. அந்தப் பின்பாதி சாதாரணமாக இடது இரண்டாம் இடைவெளியில் மட்டும்தான் கேட்கும். அது இதயநுனி வரை கேட்டால், அல்லது இடது இரண்டாம் இடைவெளியில் கையை வைத்தால் தட்டுவது தெரிந்தால், நுரையீரல் அழுத்தம் கூடியிருக்கிறது. நான் முதலில் தேடுவது நம் ஊர்க் காரணங்களை: மைட்ரல் குறுகல், சிக்கிள் செல், பிறவி ஓட்டை, வருடக்கணக்காக அடைத்த அடுக்களையில் விறகுப்புகை இழுத்த நுரையீரல். ஒல்லியான நெஞ்சில் எல்லாச் சத்தமும் பலமாகக் கேட்கும், அதையும் கழித்துவிட்டுப் பாருங்கள்.

குழந்தைநலம்_கொடைக்கானல்:

பிள்ளைகளைப் பற்றி யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைக்கு, நெஞ்சின் இடது கீழோரத்தில், தந்தி மீட்டியது போல இசைத்தன்மையுள்ள குட்டை மர்மர், சுருங்கும் கட்டத்தில் மட்டும். படுக்க வைத்தால் கூடும், எழுந்து நின்றால் குறையும். பிள்ளை ஓடியாடுகிறது, எடை சரி, டப் மூச்சோடு பிரிந்து சேர்கிறது. இது இயல்பான மர்மர், பெற்றோரைப் பயமுறுத்தாதீர்கள். காய்ச்சல் நாளில் இது இன்னும் பலமாகக் கேட்கும், காய்ச்சல் விட்டதும் மறுபடி கேளுங்கள். காறையெலும்புக்குக் கீழே தொடர்ந்து ‘ஹூம்’ என்று கேட்டு, படுக்க வைத்தாலோ கழுத்துச் சிரையை விரலால் லேசாக அழுத்தினாலோ நின்றுவிட்டால் அது சிரை ஓசை. நிற்காமல் இடது காறையெலும்புக்குக் கீழே இரவு பகலாக ஓடுகிறது என்றால், பிறந்ததும் மூட வேண்டிய தமனிநாளம் மூடவில்லை.

டப் மூச்சுக்கு மசியாமல் எப்போதும் பிரிந்தே கேட்டால் மேலறைச் சுவரில் ஓட்டை. மர்மர் மெலிதாகத்தான் இருக்கும், பள்ளிப் பரிசோதனையில் அதிகம் நழுவுவது இதுதான். இதற்கு நேர் எதிர் கீழறைச் சுவரின் சிறு ஓட்டை: ஊரைக் கூட்டும் சத்தம், கையில் அதிர்வும் தட்டும், பெரும்பாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பெரிய ஓட்டையில் இரு அறையின் அழுத்தமும் சமமாகிவிடுவதால் சத்தம் குறைந்துவிடும். ஆபத்து அங்கேதான். சத்தத்தின் பலத்தை வைத்து நோயை அளக்காதீர்கள் என்று மேலே டாக்டர் ஆரம்பித்தது இங்கே நன்றாகப் பொருந்தும்.

கைக்குழந்தைக்குப் பிறந்த அன்று கேட்காத மர்மர் இரண்டு முதல் ஆறு வாரத்தில் கேட்கும், ஏனென்றால் நுரையீரல் அழுத்தம் அப்போதுதான் இறங்கி ஓட்டை வழியே ஓட்டம் தொடங்கும். ஆகவே ஆறாம் வாரத் தடுப்பூசிக்கு வரும்போது ஸ்டெத் வையுங்கள். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, நடுவில் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறதா, எடை ஏறவில்லையா, அடிக்கடி நிமோனியா என்று வருகிறதா என்று கேளுங்கள். இந்தக் குளிரில் நெற்றி வியர்க்கும் குழந்தை தானாகவே கண்ணில் பட வேண்டும். இரண்டு மாதத்துக்குள் மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தொட்டால் அன்றே அனுப்புங்கள். தொடைமடிப்பில் நாடியையும் தொட்டுப் பாருங்கள். கையில் நன்றாக இருந்து தொடையில் கிடைக்கவில்லை என்றால் மகாதமனியில் இறுக்கம். உதடும் நாக்கும் நீலம் என்றால் மர்மர் இருக்கிறதா இல்லையா என்ற ஆராய்ச்சியே வேண்டாம், அனுப்பிவிடுங்கள். உள்ளங்கை மட்டும் நீலமாக இருந்தால் இங்கே அது பெரும்பாலும் குளிர்.

பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) குழுவின் பட்டியலில் பிறவி இதயக்கோளாறும் ருமாட்டிக் இதயநோயும் இரண்டுமே இருக்கின்றன. சந்தேகமான பெயரை அவர்கள் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் எக்கோ முதல் அறுவை வரை செலவில்லாமல் போக வழி உண்டு. தனியாகச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவதைவிட இது நல்லது.

எக்கோஅறை_ஊட்டி:

சீட்டு என்றதும் ஒரு வேண்டுகோள். ‘மர்மர் +, எக்கோ செய்யவும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். லப்-டப் நடுவிலா டப்-லப் நடுவிலா கேட்டது, எங்கே பலம், கழுத்துக்குப் போகிறதா அக்குளுக்குப் போகிறதா, கையில் அதிர்வு உண்டா, நாடி, பிரஷர், ஆக்சிஜன், ஹீமோகுளோபின், கர்ப்பம் என்றால் வாரம். கழுத்துக்குப் போகும் கரகரப்பு அயோர்டிக் குறுகல், அக்குளுக்குப் போகும் நீள ஊதல் மைட்ரல் ஒழுகல். முதலாவதோடு நடக்கும்போது மயங்கி விழுந்தார் என்ற விவரம் இருந்தால் அதை அடிக்கோடிடுங்கள், வரிசையில் நிற்க வைக்க மாட்டார்கள். நாட்பட்ட காய்ச்சலும் புது மர்மரும் சேர்ந்தால் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்காமல் அனுப்புங்கள். வால்வில் கிருமி படிந்திருந்தால் முதலில் ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும். ஒரு ஊசி போட்டுவிட்டாலும் கிருமி வளராமல் போகலாம்.

தோட்டத்துச்செவிலி (கோத்தகிரி):

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. ருமாட்டிக் என்று உறுதியாகித் திரும்பி வருபவர்களுக்குப் பென்சிலின் ஊசி இங்கேயே போடச் சொல்லி எழுதுகிறார்கள். அதில் கவனிக்க வேண்டியது?

பொதுமருத்துவம்_குன்னூர்:

பென்சாதைன் பென்சிலின், 27 கிலோவுக்கு மேல் 12 லட்சம் யூனிட், அதற்குக் கீழ் 6 லட்சம், ஆழமாகத் தசையில், 21 நாளுக்கு ஒருமுறை. மாதம் ஒன்று என்று சொல்லிவிட்டால் கடைசி வாரத்தில் மருந்தின் அளவு இறங்கிவிடும், அந்த வாரத்தில் வரும் தொண்டைக் கிருமி வால்வை இன்னும் கெடுக்கும். வால்வு பாதித்தவருக்குப் பல வருடம், சிலருக்கு 40 வயது வரை தொடரும். அதனால் தேதியைச் சம்பள நாளோடு முடிச்சுப் போடாமல் காலண்டரில் 21, 21 ஆகக் குறித்துக் கொடுங்கள்.

மருந்து மாவுபோலத் தடித்திருக்கும். மெல்லிய ஊசியில் அடைத்துவிடும், 21 கேஜ் எடுங்கள். கலக்கியதும் தாமதிக்காமல், பின்னிழுத்துப் பார்த்து ரத்தம் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரே சீராக மெதுவாகத் தள்ளுங்கள். முதல் ஊசி டாக்டர் இருக்கும் நாளில் மட்டும். ஒவ்வொரு முறையும் ஒவ்வாமை கேட்டு, படுக்க வைத்துப் போட்டு, அரை மணி நேரம் அங்கேயே இருக்க வையுங்கள். வெறும் வயிற்றோடு வருபவரை ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள், மயக்கம் குறையும். ஒவ்வாமை அதிர்ச்சி வந்தால் போட, ஆயிரத்தில் ஒன்று செறிவுள்ள அட்ரினலின் உடைக்கத் தயாராக ட்ரேயில் இருக்கட்டும். பெரியவருக்கு 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில்.